வாசகர் கேள்விகள்: இந்த முறை மூக்கு மட்டும்

போன இதழில் வாடகை வீடு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப் போனவர் மூக்குடைபட்டுத் திரும்பினார்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வாடகையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. வந்த கடிதம் எல்லாம் மூக்கைப் பற்றித்தான். சரி, இந்த இதழை அதற்கே கொடுத்துவிடலாம். கண்ணைப் பற்றியும் வாயைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மூக்குக்கு யார் இருக்கிறார்கள்?

"மூக்குடைபட்டார்", "மூக்கறுபட்டார்" என்பதெல்லாம் திருமலை நாயக்கர் காலத்து மூக்கறுப்புப் போரில் பிறந்த வழக்கு என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொல்வார். சரிதானா? (மதுரை வாசகர்)

போர் நடந்தது உண்மை. வழக்கு அதில் பிறந்தது என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

1656-ஐ ஒட்டி, மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜனின் படை சத்தியமங்கலம் பக்கமாக உள்ளே நுழைந்து, வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி வந்தது. அறுத்த மூக்குகளை வெற்றிச் சின்னமாக ஊருக்கு அனுப்பினார்கள் என்று அப்போது இங்கே இருந்த ஏசு சபைப் பாதிரியார்கள் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். திருமலை நாயக்கர் அந்த நேரத்தில் வயதாகி, நோயில் படுத்திருந்தார். ராமநாதபுரம் சேதுபதியின் படை வந்து கைகொடுத்ததால் மதுரை தப்பியது. அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை, நாயக்கரின் தம்பி தலைமையில் ஒரு படை மைசூர்ச் சீமைக்குள் போய் அதே வேலையை அங்கே செய்துவிட்டுத் திரும்பியது. யார் நல்லவர் என்று கேட்காதீர்கள்.

ஆனால் இதற்கு அறுநூறு வருஷம் முன்பே சோழன் வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ஒரு மூக்கு வருகிறது. 1063-லிருந்து 1070 வரை ஆண்டவன். சாளுக்கியத் தளபதி சாமுண்டராசனின் தலையை வெட்டியதோடு நிற்காமல், அவனுடைய ஒரே மகள் நாகலையின் மூக்கையும் முகத்திலிருந்து வேறாக்கினான் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மயில் போன்ற சாயல் உடையவள் என்று அவளை ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டு அதைச் சொல்கிறார்கள், அதைப் படிக்கும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. அதற்கும் முன்னால் பெரியாழ்வார் ராமனைப் பாடும்போது "தங்கையை மூக்கும் தமையனைத் தலையும் தடிந்த" என்கிறார். அண்ணனுக்குத் தலை போனதும் தங்கைக்கு மூக்கு போனதும் ஒரே மூச்சில், ஒரே வினைச்சொல்லில் முடிந்துவிடுகிறது. இரண்டும் சம எடை.

ஆகவே விஷயம் தலைகீழ். போர் வந்ததால் வழக்கு வரவில்லை. மானம் மூக்கில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்ததால்தான் மைசூர்க்காரன் கழுத்தை விட்டுவிட்டு மூக்கில் கை வைத்தான். செத்தவன் ஒரு நாள் செய்தி, மூக்கில்லாதவன் நடமாடுகிற வரைக்கும் செய்தி.

இன்னொன்று, மூக்குடைபடுவதும் மூக்கறுபடுவதும் ஒன்றல்ல. தெரிந்தவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று நம்பி வேகமாகப் போய் மோதிக்கொண்டால் அது உடைபடுவது, பாதித் தப்பு நம்முடையது. நாலு பேர் நடுவில் இன்னொருத்தர் வேண்டுமென்றே செய்தால் அது அறுபடுவது. அட்வான்ஸ் கேட்கப் போன மனிதருக்கு நடந்தது முதல் வகை என்பதால்தான் அப்படி எழுதினேன்.

"கோபத்தில் அறுத்த மூக்கு சந்தோஷத்தில் வருமா?" என்று பாட்டி சொல்வார். வராதுதானே? (கும்பகோணம்)

பாட்டி சொன்னால் சரிதான். ஆனால் ஒரு மூக்கு வந்திருக்கிறது, அதையும் கேளுங்கள்.

1792-இல் திப்புவோடு நடந்த போரில் ஆங்கிலேயர் பக்கம் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்கிறவர் பிடிபட்டார். திப்புவின் ஆட்கள் அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டி விட்டுவிட்டார்கள் (மறுபடியும் மைசூர்!). ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் நெற்றித் தோலைக் கீறி, அதை முழுக்க வெட்டி எடுக்காமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே விட்டு, கீழே திருப்பி மூக்காக வைத்துத் தைத்தார். ரத்த ஓட்டம் அறுந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஒட்டு. இதைப் படத்தோடு லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' 1794-இல் வெளியிட்டது. அதைப் படித்துவிட்டு கார்ப்யூ என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வருஷக்கணக்கில் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-இல் உயிருள்ள ஒருவருக்குச் செய்தார். இன்றைக்கு பிளாஸ்டிக் சர்ஜரி வரலாறு எழுதுகிற எல்லோரும் இந்த வண்டிக்காரர் மூக்கைத் தாண்டிப் போக முடியாது. கன்னத்துச் சதையை எடுத்து மூக்கு செய்யும் முறை பழங்கால வைத்தியர் சுசுருதரின் நூலிலேயே இருக்கிறது.

ஏன் இந்த உறுப்புக்கு இங்கே இவ்வளவு பழைய வைத்தியம்? அறுத்தவர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள், அதனால்தான்.

எங்கள் தாத்தா பெயர் மூக்கையா. கல்லூரியில் தோழிகள் சிரிக்கிறார்கள். யாராவது குழந்தைக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா? (தென்காசி வாசகி)

சிரிக்கிற தோழிகளிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்துபோனால், அடுத்துப் பிறக்கிற பிள்ளையை எமன் கண்ணில் படாமல் காப்பாற்ற ஒரு தந்திரம் செய்வார்கள். பிள்ளையைக் குப்பையில் ஒரு தடவை போட்டு எடுத்து, குப்பன், குப்பாயி, குப்பம்மாள் என்று பேர் வைப்பது ஒரு வழி. "இது வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது, இதை எடுத்துப் போய் உனக்கு என்ன ஆகப் போகிறது" என்று எமனிடம் சொல்கிற மாதிரி. இன்னொரு வழி மூக்கு குத்துவது. ஆண் பிள்ளையாக இருந்தாலும் குத்துவார்கள். அப்படி வளர்ந்தவர்கள்தான் மூக்கன், மூக்கையா, மூக்காண்டி, மூக்காயி, மூக்கம்மாள். மூக்கு குத்திய பிள்ளை பின்னம் பட்ட பிள்ளை. பின்னப்பட்ட தேங்காயைச் சாமிக்கு உடைக்க மாட்டோம் அல்லவா, அந்தக் கணக்கில், உடம்பில் ஊனம் உள்ளதை எமனும் எடுத்துக்கொள்ள மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

தென் மாவட்டங்களில் இந்தப் பெயர் அவ்வளவு சாதாரணம், பி.கே. மூக்கையாத் தேவரை உசிலம்பட்டி மக்கள் சட்டமன்றத்துக்கும், ராமநாதபுரம் மக்கள் நாடாளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள். யாரும் பேரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

உங்கள் தாத்தாவுக்கு முன்னால் எத்தனை குழந்தைகள் இறந்தன என்று வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். குலசாமிக்கு நேர்ந்துகொண்டோ, தாத்தாவின் தாத்தா பெயர் என்றோ வைத்திருக்கவும் செய்யலாம். ஆனால் அந்தப் பெயர் முதன்முதலில் அந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளில் யாரோ ஒரு தாய் மிகவும் பயந்துபோய் இருந்திருப்பாள்.

குறளில் "மூக்கிற் கரியார்" என்று வருகிறதே, கறுப்பு மூக்கு உள்ளவர்களை வள்ளுவர் திட்டுகிறாரா? (எட்டாம் வகுப்பு, ஈரோடு)

இல்லை தம்பி. 277-ஆம் குறள் அது, கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில் இருக்கிறது.

புறங்குன்றி கண்டனைய ரேனும் அகங்குன்றி
மூக்கிற் கரியார் உடைத்து.

குன்றிமணி பார்த்திருக்கிறாயா? பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பார்களே, அது. முழுக்கச் சிவப்பு, ஒரு ஓரத்தில் மட்டும் மை தொட்டு வைத்தாற்போல் கறுப்பு. அந்தக் கறுப்பு முனையைத்தான் வள்ளுவர் குன்றியின் மூக்கு என்கிறார். வெளியே பார்த்தால் குன்றிமணியின் சிவப்பு உடம்பு மாதிரிப் பளிச்சென்று இருப்பார்கள், உள்ளே அதன் மூக்கு மாதிரிக் கறுத்திருப்பார்கள், அப்படிப்பட்டவர்களும் உலகத்தில் உண்டு என்பது பொருள். போலிச் சாமியார்களைச் சொல்கிறார்.

உன் கேள்வியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. எதிலாவது ஒரு முனை, ஒரு கூர், ஒரு நீட்டல் தெரிந்தால் தமிழ் உடனே அதை மூக்கு என்று சொல்லிவிடும். கமண்டலத்துக்கு மூக்கு, கெண்டிக்கு மூக்கு, கூஜாவில் கூடச் சிலவற்றுக்கு மூக்கு உண்டு. கொண்டைக்கடலையை எடுத்துப் பார், ஒரு பக்கம் சின்னதாக வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு ஊர்க்காரர்கள் கொண்டை என்று பார்த்தார்கள், இன்னொரு ஊர்க்காரர்கள் மூக்கு என்று பார்த்தார்கள், அதனால் சில இடங்களில் அதற்கு மூக்கடலை என்று பேர். அதே கடலை, அதே சுண்டல்தான். (குன்றிமணியை வாயில் போட்டுக் கடித்துவிடாதே. விஷம்.)

பறவைக்கு இருப்பது அலகா, மூக்கா? என் பையனின் விடையில் "கிளியின் மூக்கு" என்று எழுதியதற்கு ஆசிரியை மார்க் குறைத்துவிட்டார். (செங்கல்பட்டு)

அறிவியல் பாடமென்றால் அலகு என்று எழுதியிருக்கலாம், அரை மார்க்குக்கு நான் சண்டைக்கு வரவில்லை. தமிழ்ப் பாடமென்றால் அந்த மார்க்கைத் திருப்பிக் கேளுங்கள். அலகையும் மூக்கு என்பது பழைய வழக்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற மாங்காய்க்கு பெங்களூரா என்றும் பேர், கிளிமூக்கு என்றும் பேர். கிளி அலகு மாங்காய் என்று யாராவது கேட்டு வாங்கியிருக்கிறார்களா? சேவலில் கிளிமூக்கு விசிறிவால் என்று ஒரு ரகம் இருக்கிறது, அதன் விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும்.

உங்கள் ஊரிலிருந்து வேடந்தாங்கல் பக்கம்தானே, பையனை ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே இரண்டு பறவைகள் ஏறக்குறைய ஒரே வெள்ளை, பக்கத்துப் பக்கத்துக் கிளையில் கூடு கட்டும். ஒன்றுக்கு அலகு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும், அதற்குப் பேர் அரிவாள் மூக்கன். இன்னொன்றுக்கு நுனி கரண்டி மாதிரித் தட்டையாக இருக்கும், அதற்குப் பேர் கரண்டிவாயன். இரண்டுமே அலகுதான், ஆனால் பேர் வைத்தவர் ஒன்றை மூக்கு என்றார், மற்றதை வாய் என்றார். வளைந்து கூராக நீட்டிக்கொண்டிருந்தால் மூக்கு, தட்டையாக அள்ளித் தின்றால் வாய். எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார்கள்!

வீட்டில் வடை போட்டால் சரியாக அந்த நேரத்துக்கு மேல்வீட்டுக்காரர் வந்துவிடுகிறார். என் மனைவி "அவருக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ" என்கிறாள். நிஜமாகவே மூக்கில் வேர்க்குமா? (அம்பத்தூர்)

மூக்கில் வேர்க்கும், உறைப்பாகச் சாப்பிட்டால் எனக்கே வேர்க்கும். ஆனால் இங்கே விஷயம் வேறு. யாரும் சொல்லாமலே ஒன்றை மோப்பம் பிடித்து, சரியான சமயத்தில் ஆள் வந்து நின்றால் மூக்கில் வேர்த்தது என்போம். சொத்துப் பிரிக்க உட்கார்ந்தால் ஒரு மாமாவுக்கு வேர்க்கும், போனஸ் வந்த அன்று கடன் கேட்க ஒரு நண்பருக்கு வேர்க்கும். இதில் கோபம் பாதி, ரசிப்பு பாதி. வேறு எந்த மொழியில் இதைச் சொல்ல முயன்றாலும் அந்தப் பாதி ரசிப்பு கழன்று விழுந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

வடையை அடுத்த முறை ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுட்டுப் பாருங்கள்.

மூக்குத்தி தமிழ்ப் பெண்களின் ஆதிகால அணி என்று ஒரு நகைக்கடை விளம்பரத்தில் வந்தது. எவ்வளவு ஆதி? (நாகர்கோவில் வாசகி)

நகைக்கடைக்கு எல்லாமே ஆதிகாலம்தான்.

சங்கப் பாடல்களில் சிலம்பு இருக்கிறது, தொடி இருக்கிறது, வளை இருக்கிறது, காதில் குழை இருக்கிறது, இடுப்பில் மேகலை கூட இருக்கிறது. மூக்கில் ஒன்றும் இல்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அருங்காட்சியகத்தில் நின்று பாருங்கள், அம்மனுக்குக் காதிலும் கழுத்திலும் தோளிலும் இடம் விடாமல் நகை செதுக்கியவன் மூக்கை மட்டும் சும்மா விட்டிருப்பான். இப்போது கோயிலில் நாம் பார்க்கிற மூக்குத்தி பின்னால் வந்தவர்கள் அன்போடு போட்டுவிட்டது. பக்கவாட்டில் வளையமாகத் தொங்கும் நத்து, நடுத்தண்டிலிருந்து உதட்டுக்கு மேல் ஆடும் புல்லாக்கு, இந்த இரண்டு பேருமே வடக்கேயிருந்து வந்த சொற்கள், நகையும் அந்த வழியாகத்தான் வந்திருக்கும். மூக்குத்தி என்ற சொல் மட்டும் நம்முடையது. மூக்கு குத்தி என்பதில் ஒரு கு விழுந்துபோய் மூக்குத்தி ஆகிவிட்டது. கன்னடத்தில் மூகுதி.

உங்கள் ஊர்ப் பக்கத்து கன்னியாகுமரி பகவதியின் வைர மூக்குத்திக் கதை உங்களுக்கே தெரியும், அந்த ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின என்றும், அதனால்தான் கிழக்கு வாசலை வருஷத்தில் சில நாள் தவிர மூடியே வைக்கிறார்கள் என்றும். கப்பல் கதைக்கு நான் ஜாமீன் இல்லை. ஆனால் மின்விளக்கு இல்லாத அந்தக் கருவறையில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கல்லைப் பார்த்தவர்கள் கதையைச் சட்டென்று தள்ளிவிட மாட்டார்கள்.

ஆதிகாலம் இல்லையென்றால் நம்முடையது இல்லை என்று ஆகிவிடாது. மிளகாயும்தான் நேற்று வந்தது.

ஜலதோஷம் பிடித்தால் என் மகள் "அம்மா" என்று கூப்பிடுவது "அப்பா" என்று கேட்கிறது. அவள் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஏன் இப்படி? (கோயம்புத்தூர்)

இதற்குப் பதில் தொல்காப்பியத்தில் இருக்கிறது, விளையாட்டில்லை. ங, ஞ, ண, ந, ம, ன ஆறும் பிறக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, இவை "மூக்கின் வளியிசை" பெற்றுத் தோன்றும் என்கிறார். ப சொல்வதற்கும் ம சொல்வதற்கும் உதடு செய்கிற வேலை ஒன்றேதான், இரண்டும் உதடு ஒட்டிப் பிரிவது. ம-வுக்கு மட்டும் காற்று மூக்கு வழியாகப் போக வேண்டும். சளி அடைத்துக்கொண்டால் அந்த வழி மூடிவிடும், ம போக இடமில்லாமல் ப பக்கம் சாய்ந்துவிடும். மூக்கை விரலால் இறுக்கிக்கொண்டு மாம்பழம் என்று சொல்லிப் பாருங்கள், பாப்பழம் வரும். மூக்கு என்றே சொல்லிப் பாருங்கள், பூக்கு.

எனக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் பிடிக்கும். மூக்கு, மூச்சு, முகர்தல், மோப்பம், மோத்தல், மூக்கின் வேலை சம்பந்தப்பட்ட நம் சொற்கள் பலவும் மூக்கால் சொல்ல வேண்டிய ம-விலேயே தொடங்குகின்றன. இதை வைத்துப் பெரிய ஆராய்ச்சி எதுவும் கட்ட வேண்டாம், கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மகளுக்கு ஆவி பிடிக்க வையுங்கள். அப்பாவின் சந்தோஷம் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

டொரொண்டோவில் பிறந்த என் பிள்ளைகளுக்கு மூக்குப்பேணியைக் காட்டினேன், டீபாட்டா என்று கேட்கிறார்கள். உங்கள் வாசகர்களுக்காவது அது தெரியுமோ? (யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழும் வாசகர்)

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். பேணி என்றால் யாழ்ப்பாணத்தில் டம்ளர் (தகர டப்பாவும் பேணிதான், பால்பேணி என்பார்கள்). அதில் பக்கவாட்டில் ஒரு குழாய் மூக்கு வைத்து, பித்தளையில் அல்லது வெண்கலத்தில் செய்தது மூக்குப்பேணி. வாய் வைக்காமல் அண்ணாந்து, மூக்கு வழியாக நூல் மாதிரி ஊற்றிக் குடிப்பது. சட்டையில் சிந்தாமல் தேத்தண்ணி குடிக்கப் பழகுவதற்குள் ஒரு வயசு ஆகிவிடும் என்று அங்கிருந்து வந்த ஒரு நண்பர் சொன்னார்.

எச்சில் படாத சுத்தம் என்று மட்டும் இதைப் புகழ்ந்து முடித்துவிடலாம். ஆனால் யாருடைய உதடு எந்தப் பாத்திரத்தில் படலாம், படக் கூடாது என்பது இங்கேயும் அங்கேயும் சாதிக் கணக்காகவும் இருந்தது, தேநீர்க் கடையில் சிலருக்குத் தனிப் பாத்திரம் வைத்த காலம் இரண்டு கரையிலும் உண்டு. பிள்ளைகளுக்கு அழகான பேணியைக் காட்டும்போது அதையும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

பெண் பார்க்கும் புரோக்கர் "மூக்கும் முழியுமா இருப்பா" என்றார். யாருக்குத்தான் மூக்கும் முழியும் இல்லை? (பெயர் வேண்டாம் என்கிற வாசகி)

முழி என்பது விழிதான், பேச்சில் அப்படி ஆகிவிட்டது. முகத்தில் எல்லாம் அதது அதனதன் இடத்தில் எடுப்பாக அமைந்திருக்கிறது என்பது பொருள். பழைய கவிஞர்கள் மூக்குக்கு எள்ளுப்பூ என்றும் குமிழம்பூ என்றும் உவமை தேடிக் களைத்துப்போனார்கள், இந்த வழக்கு உவமையே இல்லாமல் காரியத்தை முடித்துவிடுகிறது. பாட்டிமார் ஒரு குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்து இதைச் சொன்னால் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

புரோக்கர் வாயில் வரும்போதுதான் அதற்கு முன்னால் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் இருக்கும், "நிறம் கொஞ்சம் மட்டு, ஆனால்" என்று. உங்களுக்கும் அது கேட்டிருக்கும், அதனால்தான் எனக்கு எழுதினீர்கள். அந்தப் புரோக்கரை மாற்றுங்கள்.

என் தம்பி ஊர் சுற்றுகிறான். "ஒரு மூக்கணாங்கயிறு போட்டால் அடங்கிவிடுவான்" என்று அம்மா பெண் தேடுகிறார். (பொள்ளாச்சி)

காளைக்கு மூக்கின் நடுத்தண்டில் துளை போட்டுக் கயிறு கோப்பது, அந்த இடம் மிகவும் நோகும் என்பதால்தான். லேசாக இழுத்தால் போதும், ஆனை மாதிரி மாடு நின்றுவிடும். கல்யாணத்தை அதற்கு ஒப்பிட்ட அம்மாக்கள் கயிற்றின் இந்தப் பக்கத்தை மட்டும் யோசிக்கிறார்கள். அந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலம் முழுக்க நிற்கப் போகிற பெண்ணைக் கேட்டார்களா? தம்பிக்கு முதலில் ஒரு வேலை தேடுங்கள்.

"மூக்கை நுழைக்காதே" என்பது ஆங்கிலத்திலிருந்து வந்ததுதானே? (புதுச்சேரி)

எனக்கும் அப்படித்தான் படுகிறது. நம் ஆள் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவான், மூக்கை நுழைக்க மாட்டான். ஆனால் வந்து வெகு காலமாகிவிட்டது, இப்போது ரேஷன் கார்டு வாங்கி ஓட்டும் போடுகிறது. விரட்ட வேண்டாம். "தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறான்" என்பது எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்முடையது, நேராகச் சொன்னால் முடிகிற காரியத்துக்கு ஆறு பக்கம் கடிதம் எழுதுகிறவர்களுக்கு (இந்த மாதம் எனக்கு எழுதிய இரண்டு பேர் உட்பட) அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விருந்தில் "மூக்கு முட்டச் சாப்பிட்டேன்" என்கிறோம். சாப்பாடு வயிற்றுக்குத்தானே போகிறது? (காரைக்குடி)

வயிறு நிறைந்து, தொண்டை நிறைந்து, இனி ஏறினால் மூக்குதான் என்கிற மட்டம். குடத்தில் கழுத்து வரை, வாய் வரை என்று சொல்வதில்லையா, அதே அளவுகோலை உடம்புக்கும் வைத்திருக்கிறோம். உங்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவன் என்ற முறையில், இது உயர்வுநவிற்சி இல்லை என்று உறுதி சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் "தெரு முக்கில் நில்லுங்கள்" என்றேன், சிரிக்கிறார். (வேலூர்)

தெலுங்கில் முக்கு என்றால் மூக்கு. கன்னடத்தில் மூகு, மலையாளத்தில் நம்மைப் போலவே மூக்கு. தெருவின் மூக்கில் போய் நிற்கச் சொல்லியிருக்கிறீர்கள், சிரிக்காமல் என்ன செய்வார்? மலையாளத்தில் ஒரு பழமொழி, மூக்கில்லாத ராஜ்ஜியத்தில் முறிமூக்கன் ராஜா என்று. மூக்கில்லாதவர்கள் நடுவில் பாதி மூக்கு இருந்தாலே பட்டம் கட்டிவிடுவார்கள். தேர்தல் நேரத்தில் எனக்கு இது அடிக்கடி ஞாபகம் வரும்.

கண்ணுக்குப் போடுகிற கண்ணாடிக்கு ஏன் மூக்குக்கண்ணாடி என்று பெயர்? (திருச்சி, ஓய்வுபெற்றவர்)

கண்ணாடி என்று மட்டும் சொன்னால் முகம் பார்க்கிற கண்ணாடியா, ஜன்னல் கண்ணாடியா என்று குழப்பம் வரும். கண் கண்ணாடி என்றால் கண் இரண்டு தடவை வருகிறது, கண்ணாடிக்குள்ளேயே ஏற்கெனவே ஒரு கண் உட்கார்ந்திருக்கிறது. அதனால் எதன்மேல் உட்காருகிறதோ அதன் பேரை வைத்தார்கள். பார்ப்பது கண், பாரம் மூக்குக்கு. நாற்பது வருஷமாக அணிகிறவன் நான், இதை எழுதும்போது கழற்றி வைத்திருக்கிறேன், இரண்டு பக்கமும் அந்தச் சிவப்புத் தடம் அப்படியே இருக்கிறது.